எல்லை எழுதப்பட்ட இடம்: பழைய யூனிக்ஸில் வட்டுப் பிரிவுகள்

பழைய யூனிக்ஸ் கணினிகளில் ஒரே வட்டு பல பார்ட்டிஷன்களாக வெட்டப்பட்டதற்கு முகவரிப் பற்றாக்குறையே காரணம் என்பது வழக்கமான விளக்கம். அதில் பாதி உண்மை உண்டு. 1975இல் வெளிவந்த ஆறாம் பதிப்பில் தொகுதி எண்ணுக்கு 16 பிட்தான் இடம். 512 பைட் கொண்ட தொகுதிகள் 65,535ஐத் தாண்ட முடியாததால், ஒரு கோப்பு முறைமை ஏறத்தாழ 32 மெகாபைட்டோடு நின்றுவிடும். ஆர்பி03 வட்டிலோ 406 சிலிண்டர்களில் 81,200 தொகுதிகள் இருந்தன. எனவே அது 40,600 வீதம் இரண்டாகப் பிளக்கப்பட்டது. ஆனால் 1979இல் ஏழாம் பதிப்பு முகவரியை 24 பிட்டுக்கு விரித்த பின்னும் பிரிவுகள் ஒழியவில்லை. மின்சாரம் போனால் சேதம் ஒரு கோப்பு முறைமைக்குள் அடங்கவும், ஸ்வாப்புக்குத் தனி இடம் கிடைக்கவும், டேப்பில் பகுதி பகுதியாக நகலெடுக்கவும் அவை தேவைப்பட்டன. ஆகவே எதற்காக வெட்டினார்கள் என்பதைவிட, வெட்டிய எல்லையை எங்கே எழுதி வைத்தார்கள் என்பதே பிரிவு மேலாண்மையின் மையக் கேள்வி என்பது என் வாதம்.

தொடக்கத்தில் அந்த எல்லை வட்டில் இல்லை. டிரைவரின் சி மூலநிரலில், அளவும் தொடக்கச் சிலிண்டரும் கொண்ட சிறு அட்டவணையாக இருந்தது. ஓர் எல்லையை நகர்த்த நிரலைத் திருத்தி, கெர்னலைப் புதிதாகக் கம்பைல் செய்து, கணினியை மறுபடி தொடங்க வேண்டும். அட்டவணை வேறாக உள்ள இன்னொரு கணினியில் அதே வட்டை மாட்டினால் எல்லைகளும் வேறாகத் தெரியும். பெர்க்லி யூனிக்ஸின் 4.2பிஎஸ்டி பதிப்பில், வட்டு வகைகளின் பிரிவு அளவுகளைத் தரும் /etc/disktab என்ற கோப்பும் சேர்ந்தது. கோப்பு முறைமையை உருவாக்கும் நியூஎஃப்எஸ் கட்டளை அதைப் படித்தது, கெர்னலோ தன் அட்டவணையையே நம்பியது. இரண்டும் முரண்பட்டால் கண்டிக்க எவரும் இல்லை. 1988இல் வந்த 4.3பிஎஸ்டி-டாஹோ, டிஸ்க் லேபிள் மூலம் இந்த அறிவை வட்டுக்கே மாற்றியது. பழைய யூனிக்ஸ் நிர்வாகத்தில் இதைவிடப் பெரிய சீர்திருத்தம் இத்துறையில் நிகழவில்லை என்றே கருதுகிறேன்.

வட்டிலேயே இருக்கும் லேபிள் அழிந்தால் எல்லா எல்லைகளும் தொலையும், கெர்னலில் இருந்தபோது அந்த ஆபத்து இல்லையே என்று மறுக்கலாம். கனமான மறுப்புதான். ஆயினும் லேபிளுக்குச் சரிபார்ப்புத் தொகை உண்டு. டிஸ்க்லேபிள் கட்டளையால் அதை உரைக்கோப்பாக எடுத்து வைத்து மீண்டும் எழுதவும் முடியும். கெர்னல் அட்டவணையின் பிழையோ வெளியே தெரியாது. தவறான எல்லையில் அமைதியாக எழுதிக்கொண்டே போகும். பிரிவுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதை லேபிள் தடுக்கவில்லை என்பதும் மெய். முழு வட்டையும் குறிக்கும் 'சி' பிரிவு மற்றவற்றின்மேல் படியவே செய்யும். எனினும் ஒவ்வொரு பிரிவும் ஸ்வாப்பா, கோப்பு முறைமையா, பயன்படாததா என்பது வட்டிலேயே பதிவாயிற்று. பெரும்பாலும் லேபிளின் ஒற்றைப் பிரதியையே நம்ப வேண்டிய குறை மட்டும் நீடித்தது. அக்குறையைத் தவிர்க்க, ஜிபிடி என்ற இன்றைய பிரிவு அட்டவணை முறை தன் அட்டவணையை வட்டின் தொடக்கத்தில் ஒன்றும் இறுதியில் ஒன்றுமாக, இரண்டையும் சரிபார்ப்புத் தொகையுடன் எழுதுகிறது.