காலடி மண்ணிற் கிடந்த மருந்து



ஊவா மலைச்சரிவுகளில் இன்று நாம் காண்பது தேயிலை. ஆயினும், இத்தோட்டங்கள் பல முதலில் எழுந்தது கோப்பிக்காகவே. அக்கோப்பியை வீழ்த்தியது போரன்று, பஞ்சமுமன்று, ஒரு பங்கசு. 1869ஆம் ஆண்டு மே மாதத்தில், நமது பதுளைப் பகுதியைச் சேர்ந்த மடுல்சீமைத் தோட்டமொன்றில், சில கோப்பிச் செடிகளின் இலைகளிற் செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றின. பேராதனைப் பூங்காவின் தலைவர் துவைற்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பார்க்லி என்னும் அறிஞர் அப்பங்கசுக்கு ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ எனப் பெயரிட்டார். ‘பாழாக்குவது’ என்பதே அப்பெயரின் இரண்டாஞ் சொல்லின் பொருள்.

1880 முதல் 1882 வரை இலங்கையில் ஆராய்ந்த மார்ஷல் வார்ட், அதன் வித்துகள் காற்றிற் பரவி இலைக்குள் புகும் விதத்தை விளக்கினார். நோய் வரும் வழி தெரிந்தது. தீர்க்கும் மருந்து கிட்டவில்லை. கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. கோப்பிக் காலத்தில் அறுவடை முடிந்ததும் தொழிலாளர் பலர் தமிழகம் திரும்பினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. எனவே குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. நம் முன்னோர் இம்மலைகளைத் தம் ஊராக்கிக் கொண்டதில் ஒரு பங்கசுக்கும் பங்குண்டு. 1946இல் தேயிலையையும் கொப்புள நோய் தாக்கியது. அப்போது செப்பு மருந்துத் தெளிப்பு கைகொடுத்தது.

பங்கசுகள் மனிதரையும் தாக்குவன. பெனிசிலின் முதலிய மருந்துகள் பற்றீரியாவை ஒடுக்கின, பங்கசை ஒடுக்கவில்லை. இக்குறையை நீக்க அமெரிக்காவில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்னும் இரு பெண் அறிஞர் முனைந்தனர். அவர்கள் நாடியது மண்ணை. முதல் மழையில் எழும் மண்வாசனைக்குக் காரணமான ‘ஸ்ட்ரெப்டோமைசிஸ்’ என்னும் பற்றீரியா இனத்தை நியூயோர்க் நகரில் ஹேசன் வளர்த்தார். அதன் சாரத்தை அல்பனி நகரிற் பிரவுன் பிரித்தெடுத்தார். குப்பிகள் தபாலிலேயே போய்வந்தன.

சோதனை முறை எளிது. கூழ்போன்ற அகர் ஊடகத்திற் பங்கசை விதைத்து, நடுவே சாரத்தை வைப்பர். சாரம் வலியதாயின் அதனைச் சுற்றிப் பங்கசு வளராத தெளிந்த வட்டம் தோன்றும். அடுத்தது கடினமான படி: பங்கசைக் கொல்லும் சாரம் உடலைக் கெடுக்காதிருக்க வேண்டும். பல சாரங்கள் இங்கேயே தோற்றன. ஈற்றில் வேர்ஜீனியாவின் பாற்பண்ணை மண்ணொன்று வென்றது. 1950இல் அறிவிக்கப்பட்ட அம்மருந்தே நிஸ்டாட்டின். பங்கசின் உயிரணுச் சவ்விலுள்ள ஒரு கொழுப்புப் பொருளைப் பற்றி, அதில் துளையிட்டு உள்ளீட்டை ஒழுகச் செய்வது அதன் இயல்பு. கிடைத்த உரிமைப் பணம் ஏறத்தாழ 1.3 கோடி டொலர். இருவரும் தமக்கென ஒன்றும் கொள்ளாது ஆராய்ச்சிக்கே அளித்தனர்.

இப்பணி மேலைநாட்டோடு நிற்கவில்லை. இந்தியாவிற் பூனாவை அடுத்த பிம்ப்ரியில் அரசு நிறுவிய இந்துஸ்தான் அன்டிபயோட்டிக்ஸ் தொழிற்சாலையில், திருமலாச்சார் குழுவினர் அவ்வூர் மண்ணிலிருந்தே 1961இல் ஹாமைசின் என்னும் மருந்தைக் கண்டனர். பயிர்நோய்களுக்கு உதவும் ஓரியோபங்கின் என்பதும் அங்கேயே பிறந்தது.

நேயர்களே, இம்மருந்துகள் கோப்பியை மீட்டுத் தரவில்லை; மடுல்சீமைக்கு அவை காலங்கடந்து வந்தவை. எனினும் அவை தரும் பாடம் நமக்குரியது. பண்ணை மண்ணும் ஊர் மண்ணும் மருந்தளித்தன என்றால், எந்த மண்ணையும் வெறும் மண் என ஒதுக்கலாகாது. பெருமழையில் நம் சரிவுகளிலிருந்து மேல்மண் கரைந்து ஆற்றோடு போகும்போது, உரம் மட்டுமன்று, எவரும் ஆராய்ந்து பாராத உயிர்களும் உடன்போகின்றன. மண்ணரிப்பைத் தடுக்கும் ஒவ்வொரு கல்லணையும் வடிகாலும் அந்தக் களஞ்சியத்திற்குக் காவல். அக்களஞ்சியத்தைத் திறந்து பார்க்கும் கல்வியை நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அளிப்பது நம் கடன்.