டிஜிஸ்கோப்பிங்

விரல் என்று பொருள்படும் லத்தீன் ‘டிஜிட்டஸ்’ வழிவந்த ‘டிஜிட்டல்’, பார்த்தல் என்னும் கிரேக்க வினையிலிருந்து பிறந்த ‘ஸ்கோப்’ ஆகிய இரண்டும் இணைந்த இச்சொல், முக்காலியில் நிறுத்திய ஒற்றைக்குழல் தொலைநோக்கியாகிய ஸ்பாட்டிங் ஸ்கோப்பின் கண்ணருகு வில்லையோடு கேமராவையோ கைபேசியையோ பொருத்திப் படமெடுக்கும் முறையைக் குறிக்கும். 1999இல் மலேசியப் பறவை ஆர்வலர் லாரன்ஸ் போ இம்முறையைப் பரவச் செய்தார். பெயரிட்டவர் பிரான்சின் அலென் ஃபோசே என்பர். கைபேசி வந்தபின் ‘ஃபோன்ஸ்கோப்பிங்’ என்ற கிளைச்சொல்லும் வழக்குக்கு வந்தது.

கேமரா வில்லையின் குவியத் தொலைவைத் தொலைநோக்கியின் உருப்பெருக்கத்தால் பெருக்கினால் கூட்டமைப்பின் குவியத் தொலைவு கிடைக்கும் என்பதால், 50 மி.மீ. வில்லை 20 மடங்கு ஸ்கோப்போடு சேர்ந்து 1000 மி.மீ. ஆகிறது. விலையுயர்ந்த நெடுவில்லை வாங்க இயலாதவர்க்கும் தொலைதூரப் பறவையை அணுக்கமாகக் காட்டுவதே இம்முறையின் பெருஞ்சிறப்பு. ஆயினும், கைபேசி வில்லை ஸ்கோப்பின் ஒளியச்சிலிருந்து சற்றே விலகினாலும் படத்தின் ஓரம் கருநிழலாகிவிடும். அதைத் தடுக்கவே ‘அடாப்டர்’ எனும் இணைப்பி பயன்படுகிறது. திருவண்ணாமலையின் மலையடி ஊரான அடி அண்ணாமலையிலிருந்து மலைச்சரிவை நோக்குவோர்க்கு வேறொரு தடையும் உண்டு: வெயிலேறிய பாறைமேல் எழும் கானல், உருப்பெருக்கத்தோடு தானும் பெருகிப் பறவையின் இறகு விளிம்பைக் குலைத்துவிடுவதால், விடியற்பொழுதே இதற்கு உகந்தது.