பல்கலைக்கழகக் கைநூலை நாமே திறந்து வாசிப்போம்

உயர்தரப் பெறுபேறு வெளியாகி, பல்கலைக்கழக விண்ணப்பம் கோரப்பட்டதும் எங்கள் ஊர் கொமியுனிகேஷன் கடைகளில் பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள். கடையில் இருக்கும் தம்பி கணினியைத் தட்டிக்கொண்டே "என்ன கோட் போட?" என்று கேட்பார். பிள்ளை வாப்பாவைப் பார்க்கும். வாப்பா கடைக்காரரைப் பார்ப்பார். ஒரு பிள்ளையின் நான்கு வருடப் படிப்பு அந்தச் சில நிமிடங்களில் முடிவாகிவிடுகிறது.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் படித்த வணிகப் பிரிவு மாணவி ஒருத்தி நல்ல இசட் புள்ளி பெற்றிருந்தாள். விண்ணப்பத்தில் நான்கு தெரிவுகளை மட்டுமே இட்டிருந்தாள். வெட்டுப்புள்ளி வெளியானபோது நான்கில் ஒன்றும் கிடைக்கவில்லை. அட்டவணையை வைத்துப் பார்த்தோம். அவள் எழுதாமல் விட்ட வேறொரு முகாமைத்துவக் கற்கைநெறிக்கு எங்கள் மாவட்டத்தில் அவளுடைய புள்ளி தாராளமாகப் போதுமாக இருந்தது. "இப்படி ஒரு புத்தகம் இருக்கிறதே எங்களுக்குத் தெரியாது சேர்" என்றார் அவளுடைய வாப்பா. அந்த வார்த்தை என்னையும் சுட்டது. நானும் பல வருடங்களாகக் கைநூலைத் திறக்காமல், கேள்விப்பட்டதை வைத்தே பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லி வந்திருந்தேன்.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடங்களில் ஒன்று, வகுப்புக்குப் போகும் முன் ஆசிரியர் வழிகாட்டியை வாசி என்பது. பல்கலைக்கழகத் தெரிவுக்கும் அதே பாடம் பொருந்தும்.

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் அனுமதிக் கைநூலைத் தமிழிலும் வெளியிடுகிறது. தடித்த நூல்தான். ஆனால் நான்கு இடங்களை ஊன்றி வாசித்தால் பெரும்பாலான விடயங்கள் தெளிவாகிவிடும்.

முதலாவது, அடிப்படைத் தகைமை. அங்கீகரிக்கப்பட்ட மூன்று பாடங்களிலும் ஒரே அமர்வில் குறைந்தது சாதாரண சித்தி, பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளிகள். இதற்கு மேல் ஒவ்வொரு கற்கைநெறியும் தனக்கென நிபந்தனைகளை வைத்திருக்கிறது. மருத்துவத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் வேண்டும். பௌதிகவியலுக்குப் பதிலாக விவசாய விஞ்ஞானம் எடுத்த பிள்ளைக்கு விவசாயத்துறை திறந்திருக்கும், மருத்துவத்துறை மூடிவிடும். சில கற்கைநெறிகள் சாதாரண தர ஆங்கிலம், கணிதம் ஆகியவற்றின் பெறுபேற்றையும் கேட்கின்றன. எனவே கைநூலை வாசிக்க வேண்டிய காலம் உயர்தரப் பெறுபேறு வந்த பின்னர் அல்ல. உயர்தரத்துக்குப் பாடம் தெரிவு செய்யும்போதே வாசிக்க வேண்டும். அதற்குப் பழைய வருடக் கைநூலும் ஆரம்பத்துக்குப் போதும்.

இரண்டாவது, தெரிவு முறை. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் சனத்தொகைக்கேற்ப மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் வரை கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், புத்தளம் ஆகியவை இந்தப் பதினாறில் அடங்கும். சில கற்கைநெறிகளுக்கு அகில இலங்கைத் திறமை மட்டுமே கணக்கெடுக்கப்படும். பிள்ளை எந்த மாவட்டத்தவர் எனக் கொள்ளப்படுவார் என்பதற்கும் விதி இருக்கிறது. இடம் மாறிப் படித்தவர்கள் அதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

மூன்றாவது, குறியீடு. 001ஏ என்றால் கொழும்பில் மருத்துவம், 001பி என்றால் பேராதனையில் மருத்துவம். இலக்கம் கற்கைநெறியையும் எழுத்து பல்கலைக்கழகத்தையும் குறிக்கும். ஓர் எழுத்து மாறினால் ஊரே மாறிவிடும்.

நான்காவது, முன்னைய வருட வெட்டுப்புள்ளி அட்டவணை. அது கடைசியாக அனுமதி பெற்றவரின் புள்ளி. அடுத்த வருடம் அது ஏறலாம், இறங்கலாம். ஒரு மதிப்பீடாகவே அதைக் கொள்ள வேண்டும். உங்கள் மாவட்டத்துக்குரிய நிரலை மட்டும் பாருங்கள். கொழும்பில் இருக்கும் மச்சானின் புள்ளியோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

இனி, தெரிவுகளை எந்த ஒழுங்கில் இடுவது? பிள்ளைக்கு உண்மையில் விருப்பமான ஒழுங்கில்தான். கடினமான ஒன்றை முதலில் இட்டால் கீழேயுள்ளது கெட்டுப்போகும் என்ற பயம் தேவையற்றது. முதலாவதற்குப் புள்ளி போதாவிட்டால் அடுத்தது பார்க்கப்படும். ஆனால் எழுதாத நெறிக்கு எவரும் பிள்ளையைத் தெரிவு செய்யமாட்டார்கள். எனவே படிக்கச் சம்மதமான, தகைமையுள்ள நெறிகள் அனைத்தையும் கீழே வரை இடுங்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் யூனானி மருத்துவம் போன்ற நெறிகள் நம் பிள்ளைகள் பலரின் பட்டியலில் வராமலே போய்விடுகின்றன. கட்டடக்கலை, வடிவமைப்பு போன்றவற்றுக்கு உளச்சார்புப் பரீட்சை உண்டு. அதற்குப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் கைநூல்தான் சொல்கிறது.

கைநூல் சொல்லாதவையும் உண்டு. விடுதி எப்படி, ஆங்கில மொழிமூலம் முதல் வருடத்தில் எவ்வளவு சிரமம், படித்து முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்பவற்றை அங்கே படிக்கும் மூத்த மாணவர்களிடம் கேட்க வேண்டும். பெண் பிள்ளைகளைத் தூர இடத்துக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோர், விண்ணப்பத்துக்கு முன்பே அங்கு படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளின் குடும்பத்தாரோடு பேசிப் பார்க்கலாம். முதலில் கைநூல், பிறகு மனிதர்கள். நாம் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கியிருக்கிறோம்.

தனியார் நிறுவனங்களின் அழகான கையேடுகளை வாசிக்கும்போது இன்னும் கவனம் தேவை. அவற்றின் நோக்கம் மாணவர்களைச் சேர்ப்பது. பட்டம் வழங்கும் அதிகாரம் அந்த நிறுவனத்துக்கு இருக்கிறதா, வெளிநாட்டுப் பட்டமாயின் அந்தப் பல்கலைக்கழகத்தை மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா என்று கேட்டு உறுதிப்படுத்திய பின்னரே பணம் கட்டுங்கள்.

அந்த மாணவி அடுத்த வருடம் மீண்டும் பரீட்சை எழுதினாள். இம்முறை தன் தெரிவுகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு, வாப்பாவோடு என் வீட்டுக்கு வந்தாள். பன்னிரண்டு தெரிவுகள் இருந்தன. நான் திருத்த வேண்டியிருந்தது ஓர் எழுத்து மட்டுமே. அவளுக்கு இடம் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒரு வருடம் வீணாய்ப் போனது.

பள்ளிவாசல் நிர்வாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் ஒரு சனிக்கிழமை மாலையை ஒதுக்கி, ஆசிரியர் ஒருவரை வைத்துப் பிள்ளைகளோடு இந்த நூலை வாசிக்கலாம். பெரிய செலவில்லை. விண்ணப்பத்தைக் கடையில் நிரப்பினாலும் பரவாயில்லை. தெரிவுகளை வீட்டில் எழுதிக்கொண்டு போகட்டும்.