பரங்கிமலைக்கு ஒரு நாள் நடை

சுகர் பேஷண்ட் எல்லாருக்கும் "நடங்க, நடங்க"னு சொல்ற ஆள் நான். போன ஞாயிறு நானே நடந்தேன். சாந்தோம்ல ஆரம்பிச்சு மயிலாப்பூர், நந்தனம், சைதாப்பேட்டை, சின்னமலை, கிண்டி வழியா பரங்கிமலை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வரும்.

இது பல நூற்றாண்டு பழமையான யாத்திரைப் பாதையின் கடைசி ஒரு நாள். ஏசுவின் சீடர் தோமாவின் கல்லறை சாந்தோம்ல; அவர் ஒளிந்திருந்த இடம் சின்னமலை; உயிர்விட்ட இடம் பரங்கிமலை என்பது நம்பிக்கை. அவர் உண்மையிலேயே வந்தாரா என்ற சண்டை வரலாற்று அறிஞர்களுக்கு. யாத்ரீகர்கள் வந்தாங்க, அதுல சந்தேகமே இல்லை.

13ஆம் நூற்றாண்டு இறுதியில் மார்க்கோ போலோ இதை எழுதியிருக்கார். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இங்கே யாத்திரை வர்றாங்களாம். புனிதர் இறந்த இடத்துச் சிவப்பு மண்ணை எடுத்துட்டுப் போய் முறைக்காய்ச்சல் வந்தவங்களுக்குக் கொடுப்பாங்க, உடனே குணமாகும்கிறார்.

டாக்டரா எனக்கு இதுல சிரிப்பு வரல. அவர் சொல்ற காய்ச்சல் பெரும்பாலும் மலேரியாவாதான் இருக்கணும். ஒரு வகை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை, இன்னொன்று 72 மணி நேரத்துக்கு ஒருமுறை வரும். நடுவுல ஆள் நல்லா எழுந்து உட்காருவார். அந்த இடைவெளியில எதைக் கொடுத்தாலும் மருந்து வேலை செஞ்ச மாதிரிதான் தெரியும். கொசுதான் காரணம்னு ரொனால்ட் ராஸ் கண்டுபிடிக்க 1897 ஆச்சு.

சரி, பாதைக்கு வருவோம். நடுவுல அடையாறு குறுக்கே ஓடுது. மலைக்கோயில் திருவிழா டிசம்பர் 18. வடகிழக்குப் பருவமழை நேரம்! பாலம் இல்லாத காலத்துல, நாடு கடந்து வந்தவர்கூட மலையைக் கண்ணால பார்த்துக்கிட்டே இந்தக் கரையில நிக்க வேண்டியதுதான்.

இதை மாத்தினவர் ஒரு வியாபாரி. பெயர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். ஈரானின் இஸ்ஃபஹான் நகரை ஒட்டிய ஜுல்ஃபாவில் பிறந்த அர்மீனியர். 1726ல் சொந்தப் பணம் 30,000 வராகன் போட்டு சைதாப்பேட்டையில் பாலம் கட்டினார். எனக்குப் பிடிச்சது அடுத்து அவர் செஞ்சது. பராமரிப்புக்குன்னு தனியா 1,500 வராகன் எழுதி வெச்சார். கட்டுறவங்க நிறைய பேர். ரிப்பேருக்குக் காசு வைக்கிறவங்க எத்தனை பேர்? மலைமேல ஏற 160 படிகளும் அவர் உபயம்தான்.

அந்தப் பாலத்துக்கு வெள்ளைக்காரன் வெச்ச பேரு மர்மலாங். வேற ஒண்ணும் இல்லீங்க, நம்ம மாம்பலம்தான் அவங்க வாயில அப்படி ஆச்சு. 1960களில் அதே இடத்துல இன்றைய மறைமலை அடிகள் பாலம் வந்தது. பாரசீகம், அர்மீனியம், லத்தீன்னு மூணு மொழியில செதுக்கின ஒரு கல்வெட்டுதான் பழைய பாலத்தோட மிச்சம்.

2015 டிசம்பர் வெள்ளத்துல இந்தப் பாலத்துல போக்குவரத்து நின்னுச்சு, ஞாபகம் இருக்கா? நான் மயிலாப்பூர்ல, என் பேஷண்ட்ஸ் ஆத்துக்கு அந்தப் பக்கம். போன்ல ட்யூட்டி டாக்டருக்கு இன்சுலின் டோஸ் சொல்லிட்டு இருந்தேன், பாதியில லைன் போச்சு. அன்னைக்கு உஸ்கான் யாருன்னே எனக்குத் தெரியாது.

1746ல் பிரெஞ்சுக்காரங்க சென்னையைப் பிடிச்சப்போ அவர் சொத்து பறிபோச்சு. 1751ல் இறந்தார். உடல் வேப்பேரியில. இதயத்தை மட்டும் தனியே எடுத்து, தங்கப் பேழையில வெச்சு, பிறந்த ஜுல்ஃபாவுக்கு அனுப்பினதாச் சொல்றாங்க.

நீங்களும் நடக்கிறதா இருந்தா விடியற்காலை 5 மணிக்கே கிளம்புங்க. சுகர் இருக்கிறவங்க வெயிலேறினபிறகு வெறுங்காலோட படி ஏறாதீங்க. பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருந்தா சூடு தெரியாது, மறுநாள் கொப்புளம்தான் தெரியும். நான் படிகளை எண்ண ஆரம்பிச்சேன். 90க்கு மேல மூச்சு வாங்கி கணக்கு விட்டுப்போச்சு. யாராவது போனா சரியா எண்ணி கமெண்ட்ல சொல்லுங்க.