எறாத் தீனிக்குள்ள கடல்பாசி வந்த கதை

காசிமேட்டுல எறா உரிச்சுத்தான் எங்க அம்மா எங்களை வளர்த்தாங்க. 1995-ல் ஒருநாள் வேலைக்குப் போனவங்க காலையிலேயே திரும்பிட்டாங்க. "குட்டை எறாவுக்கு நோவாம், சரக்கு வரலை" என்றார்கள். வெள்ளைப் புள்ளி நோய். ஓட்டில் புள்ளி விழுந்தால் பத்து நாளுக்குள் குட்டையே காலி. மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

பயந்துபோன பண்ணைக்காரர்கள் பலர் தீனியில் ஆன்டிபயாடிக் கலந்தார்கள். வைரஸை அது ஒன்றும் செய்யாது என்பது வேறு விஷயம்! அதன் மிச்சம் இருக்கிறதென்று வெளிநாடுகள் எறாவைத் திருப்பி அனுப்பின. நோய் வருமுன் எறாவின் உடம்பைத் தேற்ற வழி தேடியவர்கள் கடல்பாசியையும் எடுத்துப் பார்த்தார்கள். கட்டக்கோரைப் பாசியில் ஃபுகாய்டன் என்ற சத்து இருக்கிறது. அது எறாவின் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவதாக ஆராய்ச்சிகள் சொல்கின்றன. இன்னொரு பயனும் உண்டு. எறா கொறிச்சுக் கொறிச்சு மெதுவாகத் தின்னும். அதுக்குள்ள தீனி கரைஞ்சா காசும் போச்சு, தண்ணியும் கெட்டுப்போச்சு. பாசியின் பசை அதைப் பிடித்து நிறுத்தும், சேலைக்குக் கஞ்சி போட்ட மாதிரி. ஆனால் நோயைக் குணமாக்கும் என்று யாராவது விற்றால் நம்பாதீங்க.

இந்தப் பாசியை எடுத்தவர்கள் யார்? ராமநாதபுரம் கடலோரத்துப் பெண்கள். விரலில் துணி சுற்றி, காலில் தகரத் தட்டுக் கட்டி, மூச்சடக்கி முங்குகிறவர்கள். 1986-ல் அங்குள்ள 21 தீவுகளும் தேசியப் பூங்காவான பிறகு, பாட்டி காலத்திலிருந்து பாசி எடுத்த இடத்துக்கே போக முடியாமல் தவித்தார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி அக்காவுக்கு 2015-ல் சீகாலஜி என்ற உலக விருது கிடைத்தது. 2000-க்குப் பிறகு மண்டபம் பக்கம் நம்மைப் போன்ற குழுக்கள் கடன் வாங்கி, மூங்கில் மிதவையில் 'பெப்சி பாசி' வளர்த்தன. 45 நாளில் அறுவடை. விலையை மட்டும் வாங்குறவங்கதான் வெச்சாங்க. கடல் சூடேறிய வருஷங்களில் பாசி அழுகியது; கடன் அழுகலை.

போன வருஷம் ஒரு வியாபாரி நம் கூட்டமைப்புக்கு வந்தார். பாசியை வாங்கி அரைத்துத் தீனிக் கம்பெனிக்குத் தரலாம், மெஷினுக்குக் கடன் எடுங்க என்றார். மாதிரிக்கு ஒரு பை பொடியும் கொடுத்தார். என்ன விலைக்கு எடுப்பீங்க, எழுதித் தருவீங்களான்னு கேட்டேன். அடுத்த வாரம் வரேன்னார்.

பை இன்னும் ஆபீஸ் அலமாரியில்தான் இருக்கு. அடுத்த கூட்டத்துல தீர்மானம் வைக்கிறதுக்கு முன்னாடி, அதை சாந்தோம் பக்கம் இருக்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு எடுத்துட்டுப் போய்க் கேட்கணும். என்கூட வர ரெண்டு பேர் பேர் கொடுங்க.