பென்னிகுவிக் பொங்கலும் லீஸ்திரா ஊரும்

கம்பம் பள்ளத்தாக்கில் தைப் பொங்கல் அன்றைக்குப் போனீர்கள் என்றால், சில ஊர்களில் பொங்கப்பானைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரரின் படம் மாலையோடு இருக்கும். கர்னல் ஜான் பென்னிகுவிக். 1841 ஜனவரி 15-ல் புனேயில் பிறந்தவர். பிறந்தநாள் பொங்கலோடு ஒட்டி வருவதால் பாலார்பட்டி மாதிரி ஊர்களில் அவர் பேரிலேயே பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தவர்களும் உண்டு. லோயர் கேம்ப்பில் 2013-ல் அரசே மணிமண்டபம் கட்டித் திறந்தது.

இதைப் பற்றி அனுமந்தன்பட்டிக்கார நண்பர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். (அனுமந்தன்பட்டி, ராயப்பன்பட்டி இரண்டும் கத்தோலிக்கர்கள் நிறைய இருக்கிற ஊர்கள். அனுமன் பேரில் ஒரு கத்தோலிக்க ஊர், அதுதான் எங்கள் பள்ளத்தாக்கு.) "அண்ணே, எங்க வயலுக்கும் அதே தண்ணிதான் வருது. நன்றி சொல்றது சரி. ஆனா மனுசனுக்குப் பொங்கல் வைக்கலாமா? அதிசயம் செஞ்சது ஆண்டவரா, எஞ்சினியரா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனாலும் கேள்வி லேசானது இல்லை.

முதலில் அதிசயம் என்னவென்று பார்ப்போம். பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் விழுகிற ஆறு. அதை மலைமேல் அணை கட்டி மறித்து, தேக்கடிப் பக்கம் மலையைக் குடைந்து, கிழக்குச் சரிவில் இறக்கி விட்டார்கள். லோயர் கேம்ப்பில் இறங்கும் அந்தத் தண்ணீர் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று வந்து வைகையில் சேர்கிறது. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலுக்குச் சித்திரையில் தீச்சட்டி எடுப்பவர்கள் குளிப்பதும் இந்த ஆற்றில்தான். பள்ளத்தாக்கில் மட்டும் 14,707 ஏக்கர் இருபோக நெல். கீழே மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரைக்கும் இதை நம்பி நிலம் இருக்கிறது.

யோசனை புதுசு இல்லை. 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இந்த வழியை ஆராய ஆள் அனுப்பினார். 1808-ல் கேப்டன் கால்டுவெல் வந்து பார்த்து, இது வெறும் கனவு, நடக்காது என்று எழுதி மூடிவிட்டார். 1850-ல் சின்ன அளவில் தொடங்கிய வேலை காய்ச்சலிலும் கூலித் தகராறிலும் நின்றது. அப்புறம் 1876-78 தாது வருஷப் பஞ்சம். அதற்குப் பிறகுதான் அரசாங்கத்துக்கு அக்கறை வந்தது. 1887-ல் வேலை தொடங்கி, 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் திறந்து வைத்தார். சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும்தான், சிமென்ட் அணை கிடையாது. (கேரளா-தமிழ்நாடு வழக்குக்குள் நான் இங்கே போகவில்லை. அதற்கு வேறு பத்து கட்டுரை வேண்டும்.)

இனி, பள்ளத்தாக்கில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லும் கதை. வெள்ளம் அணையை அடித்துப் போனது, அரசாங்கம் பணம் தர மறுத்தது, பென்னிகுவிக் இங்கிலாந்து போய்ச் சொத்தையும் மனைவியின் நகையையும் விற்றுப் பணம் கொண்டுவந்து கட்டி முடித்தார் என்பது. வெள்ளம் உண்மை. தற்காலிகத் தடுப்புகள் திரும்பத் திரும்ப அடித்துப் போயின. சொத்து விற்றதற்கு மட்டும் இதுவரை யாரும் ஓர் ஆவணம் காட்டியதில்லை. இது மதராஸ் மாகாணப் பொதுப்பணித்துறையின் திட்டம், அவர் அதன் அதிகாரி.

இன்னொன்று, அவர் சொன்னதாக ஃப்ளெக்ஸ் போர்டுகளில் வரும் வாசகம். இந்த உலகத்தில் ஒருமுறைதான் இருக்கப்போகிறேன், மறுபடி பிறக்கப்போவதில்லை, செய்யக்கூடிய நன்மையை இப்போதே செய்துவிட வேண்டும் என்கிற கருத்து. இதே கருத்தில் ஒரு வாசகம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில உலகில், பக்தி வட்டாரங்களில் பரவலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் குவேக்கர் போதகராக இருந்து 1855-ல் இறந்த ஸ்டீபன் கிரெல்லெட் சொன்னதாகச் சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால் அவருடைய எழுத்திலும் அது இல்லை. எப்படியோ கடல் தாண்டி எங்கள் ஊர் போர்டுக்கு வந்து, வழியில் 'மறுபிறவி'யையும் சேர்த்துக்கொண்டது. எனக்கு இது ரொம்பப் பிடித்த இடம்.

சரி, நண்பரின் கேள்வி. அதற்கு அவர் கையில் இருக்கிற வேதத்திலேயே ஒரு சம்பவம் இருக்கிறது: அப்போஸ்தலர் நடபடிகள் 14-ஆம் அதிகாரம். லீஸ்திரா என்ற ஊரில் பிறவி முடவன் ஒருவனைப் பவுல் எழுந்து நடக்க வைக்கிறார். ஊரே திரண்டு, தேவர்கள் மனுஷ ரூபத்தில் இறங்கி வந்துவிட்டார்கள் என்று கூப்பாடு போடுகிறது. பர்னபாவை யூப்பித்தர் என்கிறார்கள், பவுலை மெர்க்கூரி என்கிறார்கள். பூசாரி எருதும் பூமாலையும் கொண்டு வந்துவிடுகிறார். இரண்டு பேரும் பதறிப்போய் வஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு, நாங்களும் உங்களை மாதிரி மனுஷர்தான் என்று கத்துகிறார்கள்.

இதுவரைக்கும் எல்லாப் பிரசங்கத்திலும் வரும். அடுத்து பவுல் எதைக் காட்டுகிறார் என்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. கண்ணெதிரே முடவன் நின்றுகொண்டிருக்கிறான், அவனைக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. மழையைக் காட்டுகிறார். பருவத்துக்குப் பருவம் வரும் விளைச்சலை, வயிறு நிறையச் சோறு தின்று மனசு நிறைகிறதை, அதைத்தான் கடவுள் உங்களுக்கு வைத்த சாட்சி என்கிறார். ஊர்க்காரர்கள் அன்றைக்கு நடந்த ஒன்றைப் பார்த்து வியந்தார்கள். அவர் தினம் நடப்பதைப் பார்க்கச் சொன்னார். அப்படியும் பலியிடாமல் அவர்களைத் தடுப்பது பெரும்பாடாகத்தான் இருந்திருக்கிறது.

பென்னிகுவிக் 1911 மார்ச் 9-ல் இறந்து, இங்கிலாந்தில் ஃபிரிம்லி புனித பேதுரு ஆலயக் கல்லறையில் இருக்கிறார். பாலார்பட்டிப் பொங்கலைப் பார்த்தால் அவரும் கோட்டைக் கிழித்திருப்பாரோ என்று நான் நினைத்ததுண்டு. ஆனால் பள்ளத்தாக்குக்காரர்களை லீஸ்திராக்காரர்கள் என்று சொல்லிவிட எனக்கு மனசில்லை. எங்கள் பேச்சில் சோறு போட்டவரைச் 'சாமி' என்றுதான் சொல்வோம். அது தத்துவ வாக்குமூலம் இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. சொத்து விற்ற கதை அதிசயத்தை ஒரே ஆளின் பாக்கெட்டில் போட்டுவிடுகிறது. அணை வேலைக் காலத்தில் நோயில் மட்டும் இறந்தவர்கள் 483 பேர் என்பது கணக்கு. மலேரியாதான் பெரிய எமன். சாராயம் மருந்தாக இல்லாமல் போயிருந்தால் அணையே முடிந்திருக்காது என்கிற அளவுக்குத் திட்ட அறிக்கையில் எழுதி வைத்திருக்கிறார்கள். இறந்தவர்களை அணைக்கு வடக்கே காட்டிலேயே புதைத்தார்கள். வெள்ளம் அடித்துப் போன இடத்தில் அடுத்த பருவத்தில் திரும்ப வந்து கல் அடுக்கியவர்கள் பெயர் எந்த ஃப்ளெக்ஸிலும் கிடையாது. (மென்பொருள் வேலையிலும் இதே கதைதான். விழாவில் மேனேஜர் பெயர், ராத்திரி முழுக்க உட்கார்ந்தவன் பெயர் லாக் ஃபைலில்.)

நண்பருக்கு இன்னொரு தண்ணீர்க் கதையும் சொன்னேன். எருசலேமில் எசேக்கியா ராஜா ஊருக்குள் தண்ணீர் கொண்டுவந்ததை 2 இராஜாக்கள் 20-ஆம் அதிகாரம் சொல்கிறது. பாறையைக் குடைந்த, சுமார் 533 மீட்டர் நீளமுள்ள அந்தச் சுரங்கம் இன்றும் இருக்கிறது. அதன் வழியாக வரும் தண்ணீர் சேர்வது சீலோவாம் குளத்தில். பிறவிக் குருடனை இயேசு போய்க் கழுவச் சொன்ன குளம் அது. அதாவது யோவான் 9-ல் வரும் அற்புதம், யாரோ உளி பிடித்துக் கொண்டுவந்த தண்ணீரில் நடந்தது.

பெரியாறு வேலை தொடங்குவதற்கு ஏழு வருஷம் முன்னால், 1880-ல், அந்தச் சுரங்கச் சுவரில் பழைய எபிரெய எழுத்தில் ஒரு கல்வெட்டைக் கண்டுபிடித்தார்கள். அதில் கிடைத்த வரிகளில் ராஜா பெயர் இல்லை. கடவுள் பெயரும் இல்லை. இரண்டு பக்கமிருந்தும் குடைந்துகொண்டு வந்த ஆட்கள், இன்னும் மூன்று முழம் பாறை மிச்சம் இருக்கும்போது, அந்தப் பக்கத்து ஆள் கூப்பிடுகிற சத்தத்தைக் கேட்டார்கள் என்றும், உளியும் உளியும் சந்தித்தன, தண்ணீர் ஓடியது என்றும் இருக்கிறது.

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம 483 பேர்ல யாராவது ஒருத்தர் பேராவது கிடைக்குமாண்ணே?" என்றார். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு அவர்கள் ஊர்க் கோயிலில் அந்தப் பேர்களுக்காக ஒரு பூசைக்குச் சொல்ல முடியுமா என்று பங்குச் சாமியாரிடம் கேட்கப் போகிறாராம்.