சந்தா கட்டி ஆடும் பந்து

கல்லூரியில் இரண்டு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர் ஒருவர் இப்போது அமெரிக்காவில், நியூ ஜெர்ஸி மாகாணத்தில் குடும்பத்தோடு குடியிருக்கிறார். அவரிடமிருந்து சென்ற மாதம் ஒரு கடிதம் வந்தது. க்ஷேம லாபங்களை இரண்டு வரியில் முடித்துவிட்டு, நேரே விஷயத்துக்கு வந்திருந்தார்.

"பையனுக்குப் பத்து வயசாகிறது. பந்து விளையாட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். இங்கே இருக்கிற கிளப்பில் விசாரித்தேன். வருஷத்துக்கு மூவாயிரம் டாலர் கட்ட வேண்டுமாம். உடுப்பு தனி. வெளியூர்ப் பந்தயத்துக்குப் போனால் ஹோட்டல் செலவு தனி. ஏனப்பா, பந்தை உதைப்பதற்கு மூவாயிரமா? நம் ஊரில் ஒரு பந்து இருந்தால் இருபது பேர் ஆடவில்லையா? நீதான் சரித்திரமெல்லாம் படிக்கிறவனாயிற்றே. இந்த ஊரில் மட்டும் ஏன் இப்படி என்று எனக்கு எழுது. கட்டட்டுமா, வேண்டாமா என்பதையும் சொல்லிவிடு."

நான் சரித்திரம் படிக்கிறவன் என்பது நண்பரின் தப்பபிப்பிராயம். கதைக்கு விஷயம் தேடிப் பழைய புத்தகங்களைப் புரட்டுகிறவன், அவ்வளவுதான். ஆனாலும் கேள்வி என்னை விடவில்லை. மற்ற எல்லா நாட்டிலும் ஏழைப் பையன்களின் விளையாட்டாக இருப்பது, உலகத்திலேயே பணக்கார நாட்டில் பணக்காரப் பையன்களின் விளையாட்டாக மாறியது எப்படி? தேடிப் பார்த்ததில் ஒரு நாவலுக்கு வேண்டிய சங்கதி கிடைத்தது. அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், அமெரிக்கர்கள் மார்பில் அடித்துக்கொண்ட ஒரு ராத்திரியைச் சொல்ல வேண்டும். 2017-ம் வருஷம் அக்டோபர் 10-ம் தேதி. டிரினிடாட் தீவில் கூவா என்ற ஊர். முன்தினம் பெய்த மழையில் மைதானத்தைச் சுற்றிக் குளம் கட்டி நின்றது. அடுத்த வருஷத்து உலகக் கோப்பைக்குப் போவதற்கு அமெரிக்க ஜமா அன்று தோற்காமல் இருந்தாலே போதும். எதிர்க்கட்சியோ பிரிவிலேயே கடைசி ஸ்தானம். பதினைந்து லட்சம் ஜனங்கள்கூட இல்லாத தேசம். அமெரிக்காவின் ஜனத்தொகை முப்பது கோடிக்கு மேல். ஆட்டம் இரண்டுக்கு ஒன்று என்று முடிந்தது, தோற்றது அமெரிக்கா. அதில் ஒரு கோலை அமெரிக்கக் கட்சியே தன் வலைக்குள் அடித்துக்கொண்டது. அமெரிக்காவுக்காக அடித்த ஒரே கோல், பத்தொன்பது வயதுப் பிள்ளை கிறிஸ்டியன் புலிஸிக் அடித்தது. 1990 முதல் தவறாமல் உலகக் கோப்பைக்குப் போய்க்கொண்டிருந்த நாடு வீட்டோடு உட்கார்ந்தது.

மறு நாள் முதல் பத்திரிகைகளில் ஒரே பிலாக்கணம். பயிற்சியாளர் சரியில்லை என்றார்கள் சிலர். நிர்வாகம் சரியில்லை என்றார்கள் சிலர். கொஞ்சம் யோசித்தவர்கள் மட்டும் நண்பர் கேட்ட கேள்வியையே கேட்டார்கள்: பத்து வயதுப் பையனிடம் பணம் வாங்கிக்கொண்டு பந்தைக் கொடுக்கும் நாட்டில் ஆட்டக்காரன் எங்கிருந்து வருவான்?

அமெரிக்கர்களுக்குக் கால்பந்து புதிது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது சரியல்ல. 1930-ல் உருகுவே நாட்டில் முதல் உலகக் கோப்பை நடந்தபோது பதின்மூன்று நாடுகள் வந்தன. அவற்றில் அமெரிக்காவும் ஒன்று. பெல்ஜியத்தை மூன்றுக்குப் பூஜ்யம், பராகுவேயை மூன்றுக்குப் பூஜ்யம் என்று ஜயித்து அரை இறுதிக்குப் போயிற்று. அங்கே அர்ஜென்டினாவிடம் ஆறு கோல் வாங்கிக்கொண்டது என்பதையும் மறைப்பதற்கில்லை. பராகுவே ஆட்டத்தில் மூன்று கோலையும் அடித்தவர் பெர்ட் பாட்டனாட். உலகக் கோப்பையில் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்த முதல் மனிதர் அவர்தான் என்று ஃபிஃபா ஒப்புக்கொண்டது 2006-ல். அவர் காலமாகிப் பல வருஷங்களுக்குப் பிறகு!

இந்தப் பாட்டனாட் பிறந்த ஊர் ஃபால் ரிவர். பஞ்சாலை ஊர். அந்தக் காலத்து அமெரிக்கக் கால்பந்து முழுவதும் ஆலை வாசலில் வளர்ந்ததுதான். பெத்லஹேம் இரும்புக் கம்பெனிக்கு ஒரு கட்சி இருந்தது. ஸ்காட்லாந்திலிருந்து ஆட்டக்காரர்களைத் தருவித்து, ஆலையில் உத்தியோகமும் மைதானத்தில் பந்தும் கொடுத்தது. நண்பர் இருக்கும் நியூ ஜெர்ஸியிலேயே கார்னி என்று ஓர் ஊர். ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியிலிருந்து வந்த நூல் கம்பெனி அங்கே ஆலை வைத்தது. ஆலையோடு ஆட்களும், ஆட்களோடு பந்தும் வந்து சேர்ந்தன. செயின்ட் லூயிஸ் நகரத்தில் கத்தோலிக்கக் கோயில் ஒவ்வொன்றும் தன் பங்குப் பிள்ளைகளைச் சேர்த்துக் கட்சி கட்டியது. யாரும் சந்தா கேட்கவில்லை. அப்பன் ஆலைச் சங்கு ஊதியதும் வந்து ஆடுவான். பிள்ளை ஓரத்தில் நின்று பார்ப்பான். ஆள் குறைந்தால் உள்ளே இழுத்துக்கொள்வார்கள்.

பிறகு வந்தது வீட்டுச் சண்டை. 1928-ல் தொழில்முறை லீக்குக்கும் தேசிய சம்மேளனத்துக்கும் கோப்பைப் பந்தயம் பற்றித் தகராறு மூண்டது. ஒருவரை ஒருவர் விலக்கிவைத்து, போட்டி லீக் வைத்து, 1929-ல் ராஜியாவதற்குள் இரண்டு தரப்பும் ஓட்டாண்டி. அதே வருஷம் பங்குச் சந்தை விழுந்தது. ஆலைகள் மூடின. 1930-ல் பெத்லஹேம் கட்சி கலைந்தது. 1933-ல் அந்த லீக்கே போயிற்று. பங்காளிச் சண்டையில் வீடு ஏலத்துக்குப் போகும் கதைகளை நான் நிறைய எழுதியிருக்கிறேன். அதனால் இதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

ஆனால் விதை சாகவில்லை. 1950-ம் வருஷம் ஜூன் 29-ம் தேதி பிரேஸில் நாட்டில் பெலோ ஹொரிஸொன்டே நகரில் நடந்ததை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. அந்தக் கோப்பைக்கு நம் நாட்டுக்கும் இடம் கிடைத்திருந்தது, நாம் போகவில்லை. அது வேறு கதை. பந்தாட்டத்துக்கே தாய்நாடான இங்கிலாந்து முதல் முறையாக உலகக் கோப்பைக்கு வந்திருந்தது. எதிரே நின்ற அமெரிக்கர்கள் யார்? கோல் காத்த ஃபிராங்க் போர்கி சவ ஊர்தி ஓட்டுகிறவர். ஹாரி கீயோ தபால்காரர். வால்டர் பார் பள்ளிக்கூட வாத்தியார். பதினொரு பேரில் ஐந்து பேர் அந்தச் செயின்ட் லூயிஸ் கோயில் தெருப் பிள்ளைகள். முன்னணியில் நின்ற ஜோ கேட்ஜென்ஸ் அமெரிக்கப் பிரஜைகூட அல்ல. ஹெய்ட்டி தீவிலிருந்து நியூ யார்க்குக்குக் கணக்கியல் படிக்க வந்து, ஹோட்டலில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தவர்.

முப்பத்தெட்டாவது நிமிஷத்தில் வாத்தியார் பார் தூரத்திலிருந்து ஓர் அடி அடித்தார். கேட்ஜென்ஸ் பாய்ந்து தலையைக் கொடுத்தார். பந்து வலைக்குள் போயிற்று. அதற்குப் பிறகு இங்கிலாந்து என்னென்னவோ செய்து பார்த்தது. சவ ஊர்திக்காரர் ஒன்றையும் உள்ளே விடவில்லை. ஒன்றுக்குப் பூஜ்யம்! லண்டன் பத்திரிகைகள் அச்சுப் பிழை என்று எண்ணி, இங்கிலாந்துக்குப் பத்துக் கோல் என்று திருத்திப் போட்டன என ஒரு கதை உண்டு. கதை ரொம்ப அழகாக இருக்கிறது; அதனாலேயே நான் அதை நம்பவில்லை. மைதானத்தில் இருந்த அமெரிக்க நிருபர் ஒரே ஒருவர்தான். அவரும் சொந்தச் செலவில் வந்தவர்.

கேட்ஜென்ஸ் பிற்பாடு ஹெய்ட்டிக்குத் திரும்பினார். 1964 ஜூலையில் சர்வாதிகாரி டுவாலியேயின் ஆட்கள் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் இல்லை. உதைத்த பந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குடும்பத்தார் அரசியலில் எதிர்த் தரப்பு. இருந்தாலும் அந்த ஜூன் மாதத்துப் புகைப்படத்தில் ஜனங்கள் அவரைத் தோளில் தூக்கிவைத்திருப்பதைப் பார்க்கும்போது, பதினான்கு வருஷம் தள்ளி நடக்கப்போவது நினைவுக்கு வந்து மனசு என்னவோ செய்கிறது.

அந்த வெற்றிக்குப் பின் அமெரிக்கா உலகக் கோப்பைக்குப் போக நாற்பது வருஷம் ஆயிற்று. நடுவே 1975-ல் பெலேயை நியூ யார்க்குக்கு அழைத்துவந்து பணத்தை வாரி இறைத்தார்கள். 1977-ல் ஓர் ஆட்டத்துக்கு எழுபத்தேழாயிரம் பேர் வந்தார்கள். 1984-ஓடு அந்த லீக்கும் அணைந்தது. மத்தாப்பு!

நண்பரின் மூவாயிரம் டாலருக்கு மூலம் இதே காலத்தில்தான் இருக்கிறது. ஆலை ஊர்கள் நொடித்து, வசதியுள்ளவர்கள் புறநகருக்குக் குடிபோனார்கள். அங்கே வீட்டுக்கு வீடு புல்தரை. பையன்களுக்கு அடிதடி இல்லாத ஆட்டம் ஒன்று வேண்டியிருந்தது. 1964-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஒரு சங்கம், சேர்ந்த பிள்ளைகள் எல்லோரும் ஆட வேண்டும் என்பதையே விதியாக வைத்தது. நல்ல விதி. ஆனால் புறநகரில் தெரு விளையாட்டு ஏது? காரில் ஏற்றிக்கொண்டு போனால்தான் மைதானம். 1996 ஜனாதிபதித் தேர்தலில் பிள்ளைகளைப் பந்தாட்டத்துக்குக் காரில் கொண்டுவிடும் 'ஸாக்கர் அம்மாக்'களின் ஓட்டுக்காக இரண்டு கட்சியும் தவம் கிடந்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பளத்துக்குப் பயிற்சியாளர் வந்தார். அவர் சம்பளத்தைப் பெற்றோர் கட்டினார்கள்.

கட்டினால் என்ன குற்றம் என்று கேட்கலாம். இங்கேதான் சூட்சுமம். மற்ற நாடுகளில் ஒரு கிளப் பன்னிரண்டு வயதுப் பையனைக் காசு வாங்காமல் எடுத்து வளர்க்கிறது. அவன் ஆளாகிப் பெரிய கிளப்புக்கு விலைபோகும்போது வளர்த்தவர்களுக்கும் பங்கு உண்டு. 2001 முதல் ஃபிஃபா இதைத் திட்டமான விதியாகவே வைத்திருக்கிறது. அமெரிக்கச் சம்மேளனம், சட்டச் சிக்கல் என்று சொல்லி, அதைத் தன் நாட்டில் நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. ஆகவே ஏழை வீட்டுக் கெட்டிக்காரப் பையனை வளர்ப்பதால் கிளப்புக்கு ஒரு காசு வரவில்லை. பணக்கார வீட்டு மந்தப் பையனை வைத்துக்கொண்டால் வருஷா வருஷம் வருகிறது. பெற்றோரைத் தக்கவைக்கக் கோப்பை ஜயித்துக் காட்ட வேண்டும். பத்து வயதில் கோப்பை ஜயிக்கச் சுலபமான வழி, உடம்பு பெரிதாக வளர்ந்த பையனாகப் பார்த்து நிறுத்தி, பந்தை நீளமாக உதைக்கச் சொல்வது. பந்தைக் காலோடு கட்டிவைத்துக்கொள்ளும் குள்ளப் பையன் வெளியே நிற்கிறான். அந்தப் பயிற்சியாளரை நான் குறை சொல்ல மாட்டேன். சந்தா கட்டும் வாசகருக்காகக் கதையை வளைக்கும் ஆசாமிகள் எங்கள் தொழிலிலும் உண்டு.

கிளிண்ட் டெம்ப்ஸி என்று ஒருவர். டெக்ஸாஸில் நேக்கடோச்சஸ் என்ற சிற்றூர். தாத்தா வீட்டுக் கொல்லையில் நிறுத்தியிருந்த டிரெய்லர் வண்டிதான் குடியிருப்பு. மெக்ஸிகோவிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளிகளோடும் அவர்கள் பிள்ளைகளோடும் மண் தரையில் ஆடிப் பழகினார். டல்லாஸில் பெரிய கிளப்பில் இடம் கிடைத்தது. போக மூன்று மணி, வர மூன்று மணி நேரம். அவருடைய அக்கா ஜெனிஃபர் டென்னிஸில் கெட்டிக்காரி. இரண்டு பிள்ளைகளின் செலவையும் பெற்றோரால் தாங்க முடியவில்லை. தம்பி பந்தை விட்டான். 1995-ல் அக்கா பதினாறு வயதில் மூளையில் ரத்தக் குழாய் வெடித்து இறந்துபோனாள். அதன் பிறகுதான் தம்பி மறுபடி டல்லாஸுக்குப் போக முடிந்தது. கூட ஆடிய பிள்ளைகளின் பெற்றோரும் கைகொடுத்தார்கள். 2006, 2010, 2014 ஆகிய மூன்று உலகக் கோப்பைகளிலும் கோல் அடித்த முதல் அமெரிக்க ஆண்மகன் அந்தத் தம்பிதான். ஒரு வீட்டில் இவ்வளவு விலை கொடுத்து ஓர் ஆட்டக்காரன் வந்தான். விலை கொடுக்க முடியாத வீடுகளிலிருந்து வராமலே போனவர்கள் எத்தனை பேரோ?

நியாயமாக மறு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இதே சந்தா முறையில் வளர்ந்த அமெரிக்கப் பெண்கள் 1991, 1999, 2015, 2019 என்று நான்கு முறை உலகக் கோப்பையை ஜயித்தார்கள். 1972-ல் வந்த சட்டம் கல்லூரிகளில் பெண்களுக்கும் ஆணுக்குச் சமமான வாய்ப்பைக் கொடுத்தது. அதற்கு முந்திய காலத்தில் இங்கிலாந்தும் ஜெர்மனியும் பிரேஸிலும் என்ன செய்தன? பெண்கள் பந்து ஆடக்கூடாது என்று பல வருஷங்கள் தடையே போட்டிருந்தன. கதவை முழுவதும் சாத்தியவர்களுக்கு எதிரே பாதிக் கதவு திறந்தவர்கள் ஜயித்தார்கள். ஐரோப்பியக் கிளப்புகள் பெண்களுக்கும் கதவைத் திறந்த பிறகு ஆட்டம் சமமாகிவருகிறது. 2023-ல் ஸ்வீடனிடம் தோற்று வெளியேறினார்கள். 2024 ஒலிம்பிக்கில் மறுபடி தங்கம்.

ஆண்கள் பக்கத்திலும் சும்மா இருந்துவிடவில்லை. 1996-ல் தொடங்கிய தொழில்முறை லீக்கின் கிளப்புகள் பல, பையன்களைக் காசு வாங்காமல் எடுத்துப் பழக்குகின்றன. டல்லாஸ் கிளப்பில் அப்படி வளர்ந்த வெஸ்டன் மக்கெனி ஐரோப்பாவில் ஆடுகிறவரானார். 2007-ல் சம்மேளனம் தொடங்கிய பயிற்சி லீக் 2020-ல், கொரோனா காலத்தில், மூடப்பட்டது. வேலையைத் தொழில்முறை லீக்கே ஏற்றுக்கொண்டது. வளர்த்த பங்கு வேண்டும் என்று சிறிய கிளப்புகள் ஃபிஃபாவிடம் வழக்காடின. அதற்கு ஒத்துவராத லீக்கே 2019-ல், தன் பையன்கள் வெளிநாட்டுக்குப் போகத் தொடங்கியதும், எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டது. ஆனால் லீக் கிளப்புகள் பெரிய நகரங்களில்தான் உண்டு. நேக்கடோச்சஸ்காரனுக்கு மூன்று மணி நேரம் மூன்று மணி நேரமாகவே இருக்கிறது.

நண்பருக்கு நான் எழுதியது இதில் பாதிதான். கார்னியைப் பற்றி மட்டும் விஸ்தாரமாக எழுதினேன். நாற்பது வருஷ வனவாசம் முடிந்து 1990-ல் உலகக் கோப்பைக்குப் போன கட்சியில் ஹார்க்ஸ், மெயோலா, ராமோஸ் என்று மூன்று பேர் அந்த வட்டாரத்துப் பிள்ளைகள். ஒருவரின் தகப்பனார் ஸ்காட்லாந்துக்காரர், ஒருவருடையவர் இத்தாலிக்காரர், மூன்றாமவர் உருகுவேயில் பிறந்து வந்தவர். "பணம் கட்டு. கட்டாவிட்டால் பையன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை உன் ஊரில் வெளிநாட்டுத் தொழிலாளிகள் ஆடும் இடம் எங்கே என்று விசாரித்து அங்கேயும் கொண்டுபோய் விடு" என்று முடித்தேன்.

போன வாரம் பதில் வந்தது. ரயில்வே லைனுக்குப் பக்கத்தில் அப்படி ஓர் இடம் இருக்கிறதாம். ஈக்வடார் நாட்டவர்கள் ஆடுகிறார்களாம். பையன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை போனான். முதல் நாள் முழங்காலில் காயம். இரண்டாம் நாள் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னானாம்: "அங்கே கோச்சே கிடையாது அம்மா. பந்தை யாரும் கொடுக்கவும் மாட்டேன் என்கிறார்கள். நான்தான் போய்ப் பிடுங்கிக்கொண்டேன்."